பந்தயத் தடம் கேடு விளைக்கும் என்பார்க்கு

பந்தயத் தடத்தில் கார் ஓட்டிப் பழகியவன் பொதுச்சாலைக்கு வரும்போது எமனாகத்தான் வருவான் என்றும், ஆகையால் அத்தகைய தடங்கள் மறைந்துபோவது ஊருக்கு நன்மையே என்றும் ஓர் அபிப்பிராயம் ஜொகூர்த் தமிழரிடையே வெகுகாலமாக ஊன்றிக் கிடக்கிறது. மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும், கல்யாண மண்டபத்திலோ கோயில் அன்னதானத்திலோ இந்தப் பேச்சு எழுந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்பவரைக் காண்பது அரிது. பாசிர் கூடாங்கில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 1998இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ போட்டியையே நடத்திய 3.86 கிலோமீட்டர் நீளமுள்ள ஜொகூர் பந்தயத் தடம் இன்று இல்லை என்று கேட்டு, “விட்டது சனியன்” என்று பெருமூச்சு விட்ட பெற்றோர்களை நான் அறிவேன். அவர்களுடைய பயம் நேர்மையானது. அந்தப் பயத்திலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவு முற்றிலும் பிழையானது. பிழையின் பலன் பிள்ளைகளின் உயிர்மேல் வந்து விழுகிறபடியால், இதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பது என்னால் இயலவில்லை.

அந்த வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. வேகம் ஒரு போதை. ஒருமுறை ருசி கண்டவன் மறுமுறையும் தேடுவான். தடத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர் ஓட்டியவனுக்கு நெடுஞ்சாலையின் 110 என்ற வரம்பு ஊர்வதாகவே தோன்றும். வளைவில் காரைப் பக்கவாட்டில் வழுக்கவிடக் கற்றவன் அதைத் தன் தாமான் குடியிருப்பின் முச்சந்தியில் காட்டாமல் இரான். மேலும், தடத்திலேயே உயிர்போகும் அபாயம் உண்டு. அதற்கு ஆகும் செலவு உழைத்துச் சேர்த்த குடும்பங்களைக் கரைக்கும். அது பணக்காரர்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து வருவோர்க்கும் உரிய கேளிக்கை. நம்முடைய பண்பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவ்வளவும் சொல்லி, இறுதியில் “படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?” என்று முடிப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆனால் நாம் கண்டிக்கும் காரியம் யாது என்பதையாவது அறிந்து கண்டிக்கிறோமா? ‘டிராக் டே’ என்று இளைஞர்கள் சொல்லும் அந்நாள் பந்தயம் அன்று. பரிசு கிடையாது, முந்தி வந்தவர் பிந்தி வந்தவர் என்ற பட்டியல் கிடையாது. சொந்தக் காரைக் கொண்டுவந்து, கட்டணம் செலுத்தி, மூடிய தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதே காரில் வீடு திரும்புவதுதான் அங்கு நடப்பது. காலையில் கார்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா, டயரில் நூல் தெரிகிறதா, பேட்டரி அசையாமல் இறுகியிருக்கிறதா, இழுத்துச் செல்லும் கொக்கி பூட்டியிருக்கிறதா என்று பார்த்தபின், உள்ளே உருளக்கூடிய பொருள் யாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்வார்கள். தண்ணீர்ப் போத்தல், குடை, காலுக்கடியில் கிடக்கும் தரைப்பாய், டாஷ்போர்டில் அம்மா ஒட்டிக்கொடுத்த பிள்ளையார் வரையில் எல்லாம் இறங்கிப் பைக்குள் போகும். தலைக்கவசமும் நீண்ட கைச்சட்டையும் மூடிய காலணியும் இல்லாதவனுக்கு அனுமதி இல்லை. அதன்பின் ஓட்டுநர் கூட்டம்: மஞ்சள் கொடி ஆபத்தைக் குறிக்கும், முந்தக்கூடாது, சிவப்புக் கொடி ஓட்டம் நின்றதைக் குறிக்கும், வேகம் குறைத்துத் திரும்ப வேண்டும், நீலக் கொடி பின்னால் விரைவான வண்டி வருகிறது என்பதற்கு, கறுப்புக் கொடி காட்டப்பட்டவன் உடனே உள்ளே வந்து காரணம் கேட்க வேண்டும். முன்னே செல்பவர் கையசைத்து இடங்கொடுத்தால் அன்றி, அதுவும் நேர்ப்பகுதியில் அன்றி, முந்துவதற்கு உரிமை கிடையாது. கூட்டத்தைத் தவறவிட்டவன், அவன் எத்தனை பெரிய கார் வைத்திருப்பினும், தடத்தில் இறங்க முடியாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இவ்வளவு கட்டுப்பாடான ஒரு காலைப்பொழுதை வேறெங்கேனும் கழித்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

முதலாவது மறுப்பு: தடம் வெறியை வளர்க்கிறது என்பதற்கு.

இந்த வாதத்துக்கு ஒரு கௌரவமான ஆதாரம் இருக்கிறது. வாதாடுபவர்கள் அந்த ஆதாரத்தை அறியாததால் எடுத்துச் சொல்வதில்லை. நான் அறிந்துகொண்டு மறைப்பது தர்மமாகாது. நார்வே நாட்டில் 1979இல் புதிதாக உரிமம் பெறுவோர்க்கு வழுக்கு தளத்தில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். விபத்து குறையும் என்று எதிர்பார்த்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது இளம் ஆண்களிடையே விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. வழுக்கினாலும் சமாளிப்பேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வந்துவிட்டது. சமாளிக்கும் திறமை அந்த அளவுக்கு வரவில்லை. தடத்தை வெறுப்பவர்கள் இதைவிட நல்ல ஆயுதத்தை எங்கும் தேட வேண்டாம்.

ஆனால் ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை என்பதையும் அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் கிரிகெர்சன் 1996இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், இளம் ஓட்டுநர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அவசரமாக நிறுத்தி விலகும் திறமையைக் கற்பித்தார். மற்றொரு குழுவுக்கு அதே வழுக்கலைக் கொண்டு, ‘உன்னால் இது முடியாது’ என்பதை உணரச் செய்தார். ஒரு வாரம் சென்று சோதித்தபோது, உண்மைத் திறமையில் இரு குழுவுக்கும் பேதம் காணப்படவில்லை. முதற்குழுவினர் மட்டும் தங்கள் திறமையை மிகைப்படுத்தி மதித்திருந்தார்கள். ஆகவே கேடு வழுக்கு தளத்தில் இல்லை. அங்கே எதைப் போதிக்கிறோம் என்பதில் இருக்கிறது. அரைமணி நேரத்தில் வித்தை கற்றுத் தந்து தட்டிக்கொடுத்து அனுப்பும் பயிற்சி ஆபத்தானது என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். தன் வரம்பைத் தானே முட்டிப் பார்க்க வைக்கும் பயிற்சி அதற்கு நேர் எதிரானது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி எரிப்பது விவேகம் அன்று.

தடத்தில் ஒருவன் முட்டிப் பார்ப்பது என்ன? தாமானில் தன்னைப்போல் ஓட்டுவார் இல்லையென்று பேர் வாங்கிய ஒரு பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் அவன் நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. இரண்டாவது சுற்றில், பழைய கெலிசா காரில் வந்த நடுவயதுக்காரர் ஒருவர், வழி கேட்காமலே, கண்ணாடியில் வளர்ந்து வளர்ந்து, அவனாகவே வழிவிடும்படி பின்னால் வந்து நிற்கிறார். அவருடைய எஞ்சின் இவனுடையதில் பாதி. அவர் வளைவுக்கு முன்னே நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுகிறார். இவன் வளைவுக்குள்ளும் மிதித்துக்கொண்டிருக்கிறான். சாலையில் இந்த ஒப்புநோக்கு கிடைக்காது. அங்கே தன்னை முந்தியவன் எல்லாம் பைத்தியக்காரன், தான் முந்தியவன் எல்லாம் சோம்பேறி என்று சொல்லிக்கொள்ளலாம். தடத்தில் அந்தச் சமாதானம் செல்லாது.

மூன்றாவது நான்காவது சுற்றில் இன்னொன்று நேர்கிறது. பெடல் மெத்தையாகிறது. எப்போதும் மிதிக்கும் ஆழத்தில் மிதித்தால் கார் நிற்கவில்லை. இன்னும் மிதித்தால் கால் தரைவரை போகிறது. எரிந்த வாடை ஜன்னல் வழியே உள்ளே வருகிறது. காரணம் எளியது. சாதாரண டாட் 3 பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை வெப்பம் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், ஜொகூர் போன்ற ஈரமான பிரதேசத்தில் மாற்றாமல் ஓட்டிக்கொண்டே போனால், அதன் தாங்கும் எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். அதற்குமேல் எண்ணெய் கொதித்துக் குமிழாகிறது. குமிழ் நசுங்கும், பிஸ்டனைத் தள்ளாது. இதைப் புத்தகத்தில் படித்தவன் மறந்துபோவான். தடத்தில், விலகி ஓட இடமுள்ள வளைவில், எதிரே ஒருவரும் வராத சமயத்தில் இதைக் காலால் அறிந்தவன் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டான். அடுத்த வாரமே பட்டறைக்குப் போய் எண்ணெய் மாற்றுவான். தன் பிரேக் என்றைக்கும் பிடிக்கும் என்ற மூடநம்பிக்கையோடு லாரிக்குப் பின்னால் இரண்டு கார் நீளத்தில் ஒட்டிக்கொண்டு பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் போகிறவர்களுடைய பெற்றோரே, தடம் வெறியை வளர்க்கிறது என்று என்னிடம் வாதாடுகிறார்கள்.

நம் உரிமப் பரீட்சையையும் சற்று எண்ணிப் பாருங்கள். மேட்டில் நிறுத்தி எடுப்பது, பக்கவாட்டில் நிறுத்துவது, மூன்று திருப்பத்தில் திரும்புவது, பிறகு சாலையில் ஒரு சுற்று. இவற்றில் எதிலும் பிரேக்கை முழுபலத்தோடு ஒருமுறையாவது மிதிக்க வேண்டிய தேவை இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். அதை முதன்முறை உணர்பவன் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பான். எடுத்த கணத்தில்தான் மோதல் நிகழும். மணிக்கு 110 கிலோமீட்டரில் ஒரு வினாடி என்பது 30 மீட்டர். வேகம் 90லிருந்து 110 ஆனால் நிறுத்துவதற்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. இந்தக் கணக்கை உடம்பால் அறியாத பல்லாயிரம் பேரிடம் உரிமத்தைக் கொடுத்துவிட்டு, அறிய விரும்பிச் சென்ற சிலரை வெறியர் என்பது எந்த நியாயம்?

இரண்டாவது மறுப்பு: தடத்தில் உயிர்போகும் என்பதற்கு.

போகும். இதை மறுப்பவன் தடத்தை அறியாதவன். ஷா ஆலாமில் இருந்த பத்து தீகா தடத்தில் 1977இல் பந்தயக் கார் ஒன்று கூட்டத்தில் பாய்ந்து சிறுவர்கள் மாண்டார்கள். அந்தத் துயரத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுடைய கோபத்தின்மேல் எனக்குச் சினம் இல்லை. ஆயினும் அது போட்டி. ஓரத்தில் ஜனங்கள் நெருக்கி நின்ற காலம். பழகுவோர் நாளில் ஓரத்தில் கூட்டம் இல்லை. அபாயம் ஓட்டுகிறவனைச் சார்ந்தது. அதை அவன் அறிந்தே ஏற்கிறான். சாலையின் அபாயமோ அதை ஏற்காதவர்மேலும் விழுகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள், அதாவது விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் பாலம் கடக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். தடம் எந்த ஆண்டிலாவது இவ்வளவு உயிரைக் கேட்டதுண்டா? எதிரே வண்டி இல்லை, குறுக்கே மாடு இல்லை, மின்கம்பம் இல்லை, பள்ளி விட்டு வரும் குழந்தை இல்லை, மருத்துவ வண்டி வாசலிலேயே நிற்கிறது. இரண்டு இடங்களில் எதைப் பற்றித் தாய் இரவில் விழித்திருக்க வேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

மூன்றாவது மறுப்பு: காரைப் பக்கவாட்டில் வழுக்கவிடும் டிரிஃப்ட் என்பது டயரைக் கொளுத்தும் வேடிக்கை என்பதற்கு.

பார்ப்பவர்க்குப் புகையும் சத்தமும்தான் தெரியும் என்பது உண்மையே. நடப்பதோ வேறு. முன்சக்கரங்கள் பிடியை இழந்தால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேரே போகும். பின்சக்கரங்கள் இழந்தால் கார் வாலை வீசும். மழையில் வால் வீசும்போது பழக்கமில்லாதவன் செய்வது இரண்டு: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சடாரென்று எடுப்பது, பிரேக்கை மிதிப்பது. இரண்டிலும் காரின் பாரம் முன்னே சாய்ந்து பின்பக்கம் இன்னும் இலேசாகிறது. வீசிய வால் சுழலாகிறது. டிரிஃப்ட் பழகுபவன் செய்வது இதன் மறுதலை. வழுக்கும் திசைக்கே முன்சக்கரத்தைத் திருப்பி, கண்ணைப் போக வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை விரல் கனம் கூட்டியும் குறைத்தும் காரை அந்தச் சரிவிலேயே பிடித்து வைக்கிறான்.

நனைத்த தளத்தில் புதிதாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லாரி ஒன்று தண்ணீர் தெளித்துவிட்டுப் போகும். நடுவில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு. அதைச் சுற்றிப் பழைய கொரோலா கேஇ70 அல்லது செபிரோ ஏ31, பின்சக்கர இயக்கம் உள்ளதாய் ஒன்று. பையன் கிளட்ச்சை உதைக்கிறான், வால் சுற்றுகிறது, அவன் பயந்து கூம்பையே பார்க்கிறான். பார்த்த கூம்பின்மேல்தான் கார் போகிறது. எஞ்சின் அணைகிறது. கிளட்ச் வாடை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கத்துவதில்லை. ‘பார்வை’ என்ற ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மத்தியானத்துக்குள் அவன் கழுத்து திரும்பிவிடுகிறது. மோத இருக்கும் பொருளை விட்டுவிட்டுத் தப்பும் வழியை நோக்குகிறது. நம் ஊரில் ஓடும் மைவி, சாகா கார்களில் முன்சக்கர இயக்கம். அவற்றில் இந்த வித்தையை அப்படியே செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயத்தின் நடுவே கண்ணைத் திருப்பும் பழக்கத்துக்கு எந்தச் சக்கரம் இயங்குகிறது என்ற கணக்கு இல்லை.

இந்தக் கலையின் வரலாற்றையும் எதிராளிகள் கவனிக்க வேண்டும். இது பிறந்தது ஜப்பானில். பந்தய ஓட்டுநர் குனிமிட்சு தகாஹாஷியின் பாணியைக் கண்டு மலைப்பாதைகளில் இரவில் பழகியவர் கெயிச்சி சுச்சியா. 1987இல் அவர் மலைப்பாதையில் ஓட்டிய காணொளி வெளிவந்து, அதனால் பந்தய உரிமத்தைச் சில காலம் இழந்தார். அதே மனிதர் பின்னர் நடுவராக அமர, 2000ஆம் ஆண்டில் டி1 கிராண்ட் பிரீ தொடங்கி, வேகமும் கோணமும் செல்லும் கோடும் மதிப்பெண்ணுக்கு உரியவை ஆயின. மலையில் இருந்த ஒரு குற்றம் தடத்துக்குள் வந்து விதியும் நடுவரும் உள்ள விளையாட்டாயிற்று. தடத்திலிருந்து வீதிக்கு வந்த பழக்கமாக இதைச் சித்திரிப்பது சரித்திரத்தைத் தலைகீழாக நிறுத்துவது.

நான்காவது மறுப்பு: இது நம் பண்பாடு அன்று என்பதற்கு.

2017ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை மெரீனாவில் ஏறுதழுவலுக்காக இளைஞர்கள் இரவும் பகலும் கிடந்தபோது, அவர்களுக்காக இங்கே மலேசியாவிலும் நாம் குரல் கொடுத்தோம். அன்று நம் தரப்பு சொன்ன நியாயம் என்ன? ஆபத்து உண்டு, ஆனால் வாடிவாசல் உண்டு, தடுப்பு உண்டு, மருத்துவர் உண்டு, விதி உண்டு, ஆபத்தை முறைப்படுத்துவதே அரசின் கடமை, ஒழிப்பது அன்று என்பதே. 2023இல் இந்திய உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோது அந்த நியாயம் வென்றது என்று மகிழ்ந்தோம். காளையின் கொம்புக்கு முன்னே செல்லுபடியாகும் நியாயம் நான்கு சக்கரத்துக்கு முன்னே ஏன் செல்லாது? மோட்டார் பந்தயமும் நமக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் ஓட்டியவர்கள் தமிழர்கள். 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் சங்கம் பின்பு இருங்காட்டுக்கோட்டையில் தடம் அமைத்தது. கோவை நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டினார். மலேசிய இந்தியரான கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டான் காரை ஓட்டி உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டம் வென்றார். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லாதது நம் குற்றம்.

ஐந்தாவது மறுப்பு: இது பணக்காரர் கேளிக்கை என்பதற்கு.

இதில் பாதி உண்மை. டயர் தேயும், பிரேக் பேட் போகும், பெட்ரோல் கரையும். சாதாரணக் காப்புறுதி தடத்தில் நேரும் சேதத்துக்கு உதவாது. தோம்சன் சாலைப் பந்தயம் 1973ஆம் ஆண்டோடு நின்றபின், நிரந்தரத் தடம் இல்லாத சிங்கப்பூர்க்காரர்கள் பாசிர் கூடாங்குக்கு வந்ததும் உண்மை. ஆனால் அவர்கள் செலுத்திய வெள்ளி தடத்துக்கு வந்த வருமானம். அதே கார்கள் கட்டணம் ஏதுமின்றி நம் நெடுஞ்சாலையில் பறப்பதை விரும்புகிறீர்களா? விலை அதிகமென்றால் விலையைக் குறைக்க வழி தேட வேண்டும். தண்ணீர் தெளித்த தளத்தில் டயர் மெல்லத்தான் தேயும், வேகமும் 40 கிலோமீட்டருக்கு மேல் தேவைப்படாது; சொந்தக் கார் இல்லாதவனுக்கு வாடகைக்கு ஒன்று வைக்கலாம். ஏழைக்கு எட்டாது என்ற காரணத்தால் நூல்நிலையத்தை மூடுவாரில்லை.

இனி, என் தரப்பிலேயே நின்று பேசும் சிலரை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. தடம் ஒன்று கட்டிவிட்டால் மோட்டார் சைக்கிளில் வீதிப் பந்தயம் ஓட்டும் மாட் ரெம்பிட் பையன்களின் தொல்லை தானே மறைந்துவிடும் என்று அவர்கள் மேடையில் முழங்குகிறார்கள். இது பொய்யான வாக்குறுதி. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை மூன்று மணியளவில், ஜொகூர் பாரு உள்வட்டச் சாலையில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் வந்த கூட்டத்தில் கார் மோதி எட்டுச் சிறுவர்கள் இறந்தார்கள். பாசிர் கூடாங் தடம் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. அது அவர்களைக் காக்கவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சாலைக்கு அவர்களை இழுத்தது நள்ளிரவும் தோழமையும் யாரும் கேளாத வீடும். இவற்றுக்குத் தார் போட்ட வளைவு மருந்தாகாது. வீதியில் ஓட்டும் ரெம்பிட்டுக்கு வேண்டியதில் பாதி, பார்க்கும் ஜனமும் துரத்தும் போலீசுமே. மூடிய மதிலுக்குள் அவனுக்குச் சுவை இராது. இவர்களைத் தடத்தின் பெயரால் திருத்திக் காட்டுவோம் என்று பந்தயம் கட்டினால், திருந்தாத முதல் பையனைக் காட்டித் தடத்தின் எதிரிகள் நம்மை வாயடைப்பார்கள். அடைக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. தடத்தைக் கேட்பது கற்க விரும்புகிறவனுக்காக. அத்தகையவர் சிலர் அல்லர்; பட்டறைகளில் கைநிறைய எண்ணெயோடு நிற்கும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அவர்கள் இப்போது எங்கே போவார்கள்? 1999இல் திறந்த, 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள சிப்பாங் தடம் ஜொகூர் பாருவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். டோல், பெட்ரோல், ஓர் இரவு தங்கும் செலவு, பழுதானால் காரை இழுத்துவரும் செலவு எல்லாம் கூட்டினால், பட்டறையில் வேலை பார்ப்பவனுடைய ஒரு மாத மிச்சம் ஒரே நாளில் போய்விடும். வசதியுள்ளவன் போய்விடுவான். பணக்காரர் கேளிக்கை என்று சொல்லி உள்ளூர்த் தடத்தின் மறைவை வாழ்த்தியவர்கள், அதை உண்மையிலேயே பணக்காரர் கேளிக்கையாக ஆக்கியிருக்கிறார்கள். வசதியில்லாதவன், காருக்குப் புதிய சஸ்பென்ஷன் போட்ட அன்று, அதைச் சோதிக்க இரவு பதினொரு மணிக்குச் செனாய்–டெசாரு நெடுஞ்சாலைக்கோ தொழிற்பேட்டையின் காலிச் சாலைக்கோ போவான். அங்கே கொடி பிடிப்பவர் இல்லை, விலகி ஓட இடமில்லை, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும் தொழிலாளி உண்டு.

ஜொகூருக்கு இன்னொரு கிராண்ட் பிரீ தடம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. சமதளமான ஒரு பரப்பு, தண்ணீர் லாரி ஒன்று, கூம்புகள், மருத்துவ வண்டி, கொடி பிடிக்கத் தெரிந்த நால்வர், மாதம் இரண்டு சனிக்கிழமைக் காலைகள். இதற்கு நகராண்மைக் கழகமும் ஒரு தொழிற்பேட்டையும் மனம் வைத்தால் போதும். அதோடு ஒரு நிபந்தனையையும் தடத்தை நடத்துவோர் தாமாகவே எழுதிவைக்க வேண்டும்: சாலையில் அபாயகரமாக ஓட்டிப் பிடிபட்டவன் ஓராண்டு உள்ளே வரக்கூடாது, தடத்தில் கற்றதைத் தாமானில் காட்டியவன் பெயர் பதிவேட்டிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட வேண்டும். பெற்றோர்கள் இந்த நிபந்தனையைக் கேட்டுப் போராடினால் அவர்களோடு நான் முன்வரிசையில் நிற்பேன். தடமே வேண்டாம் என்று அவர்கள் போராடும்வரை, இந்த நிபந்தனையை விதிக்கவும் ஓர் இடம் கிடையாது, நீக்குவதற்கு ஒரு பதிவேடும் கிடையாது.